பேட்டரி விலை இறங்கிடுச்சுங்கிறாங்க, ராத்திரி யூனிட் நமக்கு எவ்வளவுக்கு அடங்கும்?

பல்லடம்_மின்பிரிவு:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல எலக்ட்ரிக்கல் பாக்கறேன். மூணு ஷிஃப்ட் ஓடற மில்லு. கூரையில சோலார் இருக்கு, தெக்க காத்தாலையில பங்கும் இருக்கு. ஒரு கம்பெனிக்காரங்க வந்து 1 மெகாவாட்-மணி (1,000 யூனிட் பிடிக்கற) பேட்டரிக்கு கொட்டேஷன் குடுத்துட்டு, "பீக் ஹவர் கட்டணத்துல இருந்து தப்பிச்சுக்கலாம், மூணே வருஷத்துல போட்ட காசு திரும்பிரும்"னு முதலாளிகிட்ட சொல்லிட்டுப் போயிருக்காங்க. அவர் அந்தப் பேப்பரை எங்கிட்ட குடுத்து "சரியா வருமா பாரு"ன்னுட்டாரு.

ஹெச்.டி. (உயர் அழுத்த) கனெக்‌ஷனுக்குக் காலைல 6.30 – 10.30, சாயங்காலம் 6 – 10 பீக் ஹவர். அந்த நேரத்து யூனிட்டுக்கு 25% கூடுதல். ராத்திரி 10-ல இருந்து விடிகாலை 5 வரைக்கும் 5% தள்ளுபடி. இந்த வித்தியாசத்துலயே பேட்டரி காசு எடுத்துருமா?

இன்னொண்ணு. பேட்டரி டெண்டர் செய்தி எல்லாமே "மெகாவாட்டுக்கு மாசம் இத்தனை லட்சம்"னுதான் வருது. யூனிட்டுக்கு எவ்வளவுன்னு மாத்திச் சொல்ல யாராச்சும் இருக்கீங்களா?

டெண்டர்_கணக்கு:

மாத்துறது சுலபம். நம்ம நாட்டு டெண்டர்ல பெரும்பாலும் ரெண்டு மணி நேர பேட்டரிதான் கேக்கறாங்க. அதாவது 1 மெகாவாட் வேகத்துல 2 மணி நேரம் குடுக்கணும். தினம் ஒரு தடவை முழுசா காலி பண்ணா மாசத்துக்கு 60,000 யூனிட். டெண்டர்ல வர்ற லட்சம், பேட்டரி வெச்சவங்களுக்கு வாரியம் குடுக்கற மாச வாடகை. அதை அந்த 60,000-ஆல வகுத்தா போதும்.

2022-ல செகி (மத்திய அரசோட சோலார் நிறுவனம்) விட்ட 500 மெகாவாட் / 1,000 மெகாவாட்-மணி டெண்டர்ல வந்த விலை ரூ.10.84 லட்சம். யூனிட்டுக்கு ரூ.18 வாடகை மட்டும். 2024 மார்ச்ல குஜராத் ஊர்ஜா விகாஸ் நிகம் (அந்த மாநில மின் நிறுவனம்) டெண்டர் ரூ.4.49 லட்சம், யூனிட்டுக்கு ரூ.7.48. அதே வருஷம் நடுவுல அதே நிறுவனத்தோட அடுத்த டெண்டர் ரூ.3.72 லட்சம், யூனிட்டுக்கு ரூ.6.20. 2025-ல ராஜஸ்தான்ல மத்திய அரசு மானியத்தோட ஒரு டெண்டர் ரூ.2.21 லட்சத்துக்கு வந்துச்சு. யூனிட்டுக்கு ரூ.3.68.

கேரளா காசர்கோடு மயிலாட்டி டெண்டர் ரூ.4.41 லட்சம்னு வந்தப்போ "ராஜஸ்தானை விட ரெண்டு மடங்கு, கேரளா ஏமாந்துடுச்சு"ன்னு நிறைய பேர் எழுதினாங்க. மயிலாட்டி நாலு மணி நேர பேட்டரி. மாசம் 1,20,000 யூனிட். வகுத்துப் பாருங்க, அதே ரூ.3.68 வரும். எத்தனை மணி நேரம்னு பாக்காம லட்சத்தை மட்டும் ஒப்பிட்டா ஒண்ணும் புரியாது.

இது வெறும் வாடகை, உள்ள போற கரண்ட் தனி. பகல் சோலார் ரூ.2.50-க்குக் கிடைச்சா, போட்டதுல 85%தான் திரும்ப வரும், அதனால அது ரூ.2.94 ஆகும். ரெண்டையும் கூட்டினா ராத்திரி யூனிட் ரூ.6.60 சுமார். மின்சாரச் சந்தையில கோடைகால சாயங்காலம் உச்சவரம்பான ரூ.10-ஐ தொடறதைப் பாக்குறப்போ, வாரியத்துக்கு இது நல்ல விலைதான். ஆனா உங்க மில்லுக்கு இதே கணக்கு பொருந்தாது.

பல்லடம்_மின்பிரிவு:

அருமைங்க, லட்சத்தை வெச்சு மண்டையை உடைச்சிட்டிருந்தேன். மானியம்னு சொன்னீங்களே, அதை எடுத்துட்டா எவ்வளவு ஆகும்?

டெண்டர்_கணக்கு:

கணக்குக்காக 1 மெகாவாட்-மணிக்கு இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர், சிவில் வேலை எல்லாம் சேத்து ரூ.1.2 கோடின்னு வைங்க. 12 வருஷம், 9% வட்டி. வருஷத் தவணை ரூ.16.76 லட்சம். வருஷத்துக்கு 350 நாள் ஓட்டறோம், தேய்மானம் போக சராசரியா 85% கொள்ளளவு கிடைக்குதுன்னா 2,97,500 யூனிட். ஒரு யூனிட் ரூ.5.63.

அதே முதலீடு வட்டியே இல்லாம கிடைச்சா ரூ.3.36தான். ஆக ரூ.2.27 வெறும் வட்டி. செல் விலை குறைஞ்சதை எல்லாரும் பேசறாங்க, வட்டி ஒண்ணு ரெண்டு சதவீதம் குறைஞ்சா என்ன ஆகும்னு யாரும் பேசறதில்லை.

இப்ப மானியம். 2023 செப்டம்பர்ல மத்திய அமைச்சரவை 4,000 மெகாவாட்-மணிக்கு ஒப்புதல் குடுத்தப்போ முதலீட்டுல 40% வரைன்னு இருந்துச்சு. பிறகு மெகாவாட்-மணிக்கு ரூ.27 லட்சம்னு உச்சவரம்பு வந்துச்சு. 2025-ல அடுத்த 30,000 மெகாவாட்-மணிக்கு ரூ.18 லட்சம்தான். மேல சொன்ன 1.2 கோடில 27 லட்சத்தைக் கழிச்சா 93 லட்சம், வருஷத் தவணை 13 லட்சம். ரூ.2.21 லட்சம் வாடகையை 12-ஆல பெருக்கி ரெண்டு மெகாவாட்-மணிக்குப் பிரிச்சா அதுவும் 13 லட்சத்தை ஒட்டி வருது. ஆள் சம்பளம், பராமரிப்பு, லாபம் எதுக்கும் அதுல இடமில்லை. கேட்டவங்க எல்லாரும் கட்டி முடிப்பாங்களான்னு எனக்கு உண்மையிலேயே கவலை இருக்கு. டெண்டர்ல விலை கேட்டதோட கரண்ட் வந்துடாது.

ஓய்வு_பொறியாளர்:

பல்லடம் தம்பிக்கு ஒரு வார்த்தை. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் மில்லின் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன்.

சாதாரண நேர யூனிட் ரூ.7.50, வரி சேர்க்காமல், என்று வைத்துக்கொள்ளுங்கள். பீக்கில் ரூ.9.38. மத்தியானம் ரூ.7.50 கொடுத்து வாங்கி பேட்டரியில் ஏற்றினால், 15% இழப்புக்குப் பிறகு வெளியே வரும் யூனிட்டின் அடக்கவிலை ரூ.8.82. மிச்சம் 55 பைசா. இரவுத் தள்ளுபடியில் ரூ.7.13-க்கு ஏற்றினால் அடக்கம் ரூ.8.38, மிச்சம் ஏறத்தாழ ரூ.1. காலை பீக்குக்கு ஒரு முறை, மாலை பீக்குக்கு ஒரு முறை என்று தினமும் இரண்டு தடவை ஓட்டினாலும் 1,000 யூனிட் பேட்டரிக்கு நாளொன்றுக்கு ரூ.1,550. வருடம் முழுக்க ஒரு நாள் விடாமல் ஓட்டினாலும் ஐந்தரை லட்சத்தைச் சுற்றித்தான். முன்னவர் சொன்ன வருடத் தவணை பதினாறே முக்கால் லட்சம். 25% என்ற வித்தியாசத்தில் 15% இழப்பே பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது.

"சொந்த சோலாரை ஏற்றினால்?" என்று கேட்பீர்கள். மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலையில் உங்கள் சோலார் யூனிட் ஒன்றுகூட மிஞ்சாது. அது பகலிலேயே ரூ.7.50 கட்டணத்தை மிச்சப்படுத்திக்கொண்டிருக்கிறது. அதை எடுத்து பேட்டரியில் போட்டால், பகலுக்கு வாரியத்திடம் அதே ரூ.7.50-க்கு வாங்க வேண்டும். மூன்று வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று அந்தக் கம்பெனியிடம் தாளில் எழுதி வாங்குங்கள்.

பொதுவாக ஒன்று. சேமிப்பு என்றால் எல்லோரும் லித்தியத்தையே பேசுகிறீர்கள். ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று நிலையம் 1980-களின் கடைசியிலிருந்து இருக்கிறது. 100 மெகாவாட் இயந்திரம் நான்கு, மலைக்குள் குடைந்த மின்நிலையம். மேலே கடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்குவது. 12 வருடத்தில் அதற்கு ஆயுள் முடியவில்லை. குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று நிலையத்தை முடித்துவிட்டுப் பிறகு பேட்டரிக்கு ஓடலாம் என்பது என் கருத்து.

காத்தாடி_ஆரல்:

ஐயா சொல்லுத கடம்பாறை சரிதான், அது நம்ம சொத்து. ஆனா குந்தா எத்தனை வருசமா நடக்கு? நாங்க ஆரல்வாய்மொழில காத்தாடி வச்சிருக்கோம். வைகாசி பிறந்தா காத்து ஆரம்பிச்சுரும், ஆடில உச்சம், புரட்டாசி வரைக்கும் ஓடும். அந்த நேரம் பாத்து மத்தியானம் சோலாரும் சேந்து வருது. லோடு டிஸ்பாட்ச்ல (வாரியத்தோட கன்ட்ரோல் ரூம்) இருந்து போன் வரும், மிசினை நிறுத்தச் சொல்லி. காத்து சும்மா போவுது. அந்த யூனிட்டுக்கு யாரும் காசு தரதில்ல.

எனக்கு உள்ள பயம் வேற. காத்து யூனிட்டை பேங்கிங்ல போட்டு வச்சு மார்ச் வரை எடுத்துக்கிடுத வசதி எங்களுக்கு உயிர். "பேட்டரிதான் விலை இறங்கிட்டே, அதுல சேமிச்சு வச்சுக்கிடுங்க, பேங்கிங் எதுக்கு?"ன்னு கேட்டுறக் கூடாது. கேக்கவும் ஆரம்பிச்சுட்டாங்க.

டெண்டர்_கணக்கு:

அண்ணாச்சி, அப்படிக் கேக்கறவங்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்க. 2 மெகாவாட் மிஷின் ஆடில பாதி திறன்ல ஓடினாலும் நாளைக்கு 24,000 யூனிட். அந்த ஒரு நாள் கரண்டைப் பிடிச்சு வைக்கவே 5 மெகாவாட்-மணி கன்டெய்னர் அஞ்சு வேணும். அதை ஆடில ஏத்தி தை மாசம் எடுத்தா, பேட்டரி வருஷத்துக்கு ஒரே தடவை வேலை செய்யுது. ரூ.16.76 லட்சத்தை 1,000 யூனிட்டால வகுங்க. ஒரு யூனிட் ரூ.1,600-க்கு மேல.

தினம் ஓடினாத்தான் பேட்டரி மலிவு. மத்தியானத்துல இருந்து ராத்திரிக்கு நகத்தறது அதோட வேலை. ஆடில இருந்து தைக்கு நகத்த லித்தியம் பேட்டரியால ஆகவே ஆகாது. பேங்கிங் வேணுமா வேண்டாமான்னு தனியா விவாதம் பண்ணட்டும், பேட்டரியைக் காரணமா காட்டக்கூடாது.

உங்களுக்கு உதவற இடம் ஒண்ணு இருக்கு. கயத்தாறு, ஆரல்வாய்மொழி மாதிரி இடத்துல சப்ஸ்டேஷன் பக்கத்துலயே பேட்டரி வெச்சா, மத்தியானம் லைன் தாங்காம நிறுத்தற அந்த மூணு நாலு மணி நேரத்து யூனிட்ல ஒரு பகுதியைப் பிடிச்சு, லைன் காலியா இருக்கற நேரத்துல அனுப்பலாம். சீசன் இல்லாத மாசத்துல அதே பேட்டரி சோலாருக்கு ஓடும். தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் பேட்டரி டெண்டர்களை விட ஆரம்பிச்சிருக்கு. எங்க வைக்கறாங்கன்றதுதான் விலையை விட முக்கியம்னு நான் நினைக்கறேன்.

பாலைவன_சைட்:

ராஜஸ்தான்ல பேட்டரி சைட்ல கமிஷனிங் வேலை பாக்குறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். விலை பேசுறவங்க பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னும் தெரிஞ்சுக்கிட்டா நல்லது.

இப்ப வர்றது லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல். 314 ஆம்பியர்-மணி, 3.2 வோல்ட். ஒரு செல் சரியா ஒரு யூனிட் பிடிக்கும். 104 செல் வரிசையா கோத்தா ஒரு பேக். நாலு பேக் ஒரு ரேக், 416 செல்லும் ஒரே தொடர். டி.சி. வோல்டேஜ் 1,331. இந்த மாதிரி 12 ரேக் ஒரு இருபது அடி கன்டெய்னர்ல. மொத்தம் 4,992 செல், 5 மெகாவாட்-மணி. பெட்டி எடை நாப்பது டன்னுக்கு மேல, அதைத் தூக்கி வைக்க கிரேன், ஃபவுண்டேஷன் எல்லாமே செலவுதான்.

416 செல் ஒரே தொடர்ல இருக்கும்போது, ஒரே ஒரு செல் பலவீனமா இருந்தாலும் அது 2.5 வோல்ட் பக்கம் இறங்கின உடனே மொத்த ரேக்கும் நின்னுரும். மிச்சம் 415 செல்லுல சார்ஜ் இருந்தாலும் எடுக்க முடியாது. அதோட இந்த வகை செல்லோட வோல்டேஜ் நடுவுல தட்டையா இருக்கும். 30% இருக்கா 60% இருக்கான்னு வோல்டேஜ் பாத்துச் சொல்ல முடியாது. அப்பப்ப முழுசா ஏத்தி கணக்கைச் சரிபண்ணணும். பண்ணலைன்னா ஸ்கிரீன்ல 20% காட்டிக்கிட்டு இருக்கும்போதே டிரிப் ஆகும். ஆபரேட்டருக்கு இது தெரியாத சைட்ல பேட்டரி மேல பழி விழுது.

அடுத்தது சில்லர், அதாவது பேட்டரியைக் குளிர வைக்கற மிஷின். கிளைகால் (கூலன்ட் திரவம்) கலந்த தண்ணி ஒவ்வொரு பேக்குக்கு அடியிலயும் ஓடும். மே மாசம் இங்க வெளிய 46 – 47 டிகிரி, மணல் வந்து கண்டென்சரை அடைச்சுரும். சில்லர் ஓயாம ஓடும். அந்தக் கரண்ட் யார் கணக்கு? 85%ங்கிற எண் சில்லரைச் சேத்தா, சேக்காமயா? ஒப்பந்தத்துல அந்த ஒரு வரியைப் படிக்காம யாரும் கையெழுத்துப் போடாதீங்க.

ஓய்வு_பொறியாளர்:

நல்ல விளக்கம் தம்பி. விலை இவ்வளவு இறங்கியதற்குக் காரணம் என்ன? இதே வேகத்தில் இன்னும் இறங்குமா?

பாலைவன_சைட்:

ஐயா, எனக்குப் புரிஞ்ச வரைக்கும் மூணு நாலு விஷயம் ஒண்ணா நடந்துச்சு. சீனாவுல மின்கார்களுக்காகக் கட்டின ஃபேக்டரிகள் தேவைக்கு மேல வந்துருச்சு. லித்தியம் கார்பனேட் 2022 நவம்பர்ல டன்னு 6 லட்சம் யுவானை ஒட்டிப் போச்சு, 2024-ல ஒரு லட்சத்துக்குக் கீழ வந்துருச்சு. பாஸ்பேட் செல்லுல நிக்கல், கோபால்ட் கிடையாது. செல் 280-ல இருந்து 314 ஆனதால அதே பெட்டியில கூடுதலா அடங்குது. புளூம்பெர்க் ஆய்வு நிறுவனம் வருஷா வருஷம் எடுக்கிற கணக்குல பேக் விலை சராசரி 2024-ல ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 115 டாலர். 2025-ல 108. அதுலயும் கிரிட் சேமிப்புக்குப் போற பேக் மட்டும் 70 டாலர் பக்கம். 2010-ல இதே 1,000 டாலருக்கு மேல.

இறங்கிக்கிட்டே இருக்கும்னு நான் நம்பலை. சீனா தன் பேட்டரி ஏற்றுமதிக்குத் திருப்பிக் குடுத்த வரியை 2024 கடைசியில 13%-ல இருந்து 9%-ஆ குறைச்சாங்க. செல் முழுக்க அங்க இருந்து வர்ற வரைக்கும் அவங்க ஒரு வரியை மாத்தினா நம்ம டெண்டர் விலை மாறும்.

மன்னார்க்_கரை:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன், மன்னார். நீங்கள் எல்லோரும் யூனிட் விலையை மட்டும் கதைக்கிறீர்கள். எங்களுக்குப் பேட்டரி தேவைப்படுகிற காரணம் வேறு.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11 மணி தாண்டி முழு நாடும் இருண்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டது என்று செய்தி வந்ததும் உலகமே அதைப் பற்றித்தான் கதைத்தது. உள்ளே இருந்த விஷயம் என்னவென்றால், ஞாயிறு என்பதால் பாவனை குறைவு, வெயில் நன்றாக இருந்ததால் கூரைச் சூரிய மின்சாரம் நிறைய. சுழல்கிற பெரிய இயந்திரங்கள் குறைவாகவே ஓடின. அப்படி இருக்கிற நேரத்தில் ஒரு சின்ன அதிர்வையும் வலையமைப்பு தாங்காது. நுரைச்சோலை அனல் நிலையத்தின் மூன்று அலகுகளும் விழுந்து, திரும்பி வர நாட்கள் எடுத்தன. அடுத்த நாட்களில் மின்வெட்டு. ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்கு, கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை மக்களைக் கேட்டது. கடன் வாங்கிக் கூரையில் போட்டவர்களுக்கு அது எவ்வளவு வேதனை என்று நினைத்துப் பாருங்கள்.

அவுஸ்திரேலியாவில் ஹோர்ன்ஸ்டேல் பேட்டரி 2017 கடைசியில் வந்தது, 100 மெகாவாட் / 129 மெகாவாட்-மணி. அந்த டிசம்பரில் விக்டோரியாவில் 560 மெகாவாட் நிலக்கரி அலகு ஒன்று விழுந்தபோது, ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் தள்ளி இருந்த அந்தப் பேட்டரி ஒரு விநாடிக்குள் மின்சாரம் செலுத்தத் தொடங்கியது. கொடுத்தது 7 மெகாவாட் வரைதான். ஆனால் அந்த வேலைக்கென்று ஒப்பந்தமாகியிருந்த நிலக்கரி நிலையம் அசைய முதல் கொடுத்தது. கடம்பாறை போன்ற நிலையத்துக்கு நிமிடங்கள் வேணும் என்று நினைக்கிறேன். அந்த முதல் விநாடிகளுக்கு ஐயா என்ன விலை போடுவீர்கள்?

ஓய்வு_பொறியாளர்:

நியாயமான கேள்வி. நின்றுகொண்டிருக்கும் நீரேற்று இயந்திரத்தை எடுத்து லோடு ஏற்ற நிமிடங்கள் ஆகும் என்பது உண்மை. ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தால் அதன் எடையே மின்சாரத்தின் அதிர்வெண்ணைத் தாங்கும், அது பேட்டரிக்கு இயல்பாகக் கிடையாது. அதற்கென்று அமைத்த இன்வெர்ட்டர் வேண்டும். இலங்கை போன்ற தனித்த சிறிய வலையமைப்புக்கு நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே நான் பொறுப்பில் இருந்தால் முதலில் பேட்டரிதான் கேட்பேன், அதுவும் அந்த வகை இன்வெர்ட்டரோடு. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை என் கருத்தில் மாற்றமில்லை. நாம் இந்தியா முழுவதுக்குமான ஒரே வலையமைப்பில் இருக்கிறோம்.

சூலூர்_ரமா:

ஒரு சின்ன சந்தேகம். பேட்டரி தீப்பிடிக்கும்னு பயமா இருக்கு. மில்லுக்குள்ள இதை வைக்கலாமா?

பாலைவன_சைட்:

பயப்படறது நல்லதுதாங்க்கா. 2025 ஜனவரில கலிஃபோர்னியா மாஸ் லேண்டிங்ல எரிஞ்சது 300 மெகாவாட் நிலையம். அக்கம்பக்கத்து ஜனங்களை வெளியேத்தினாங்க. அது நிக்கல் கலந்த வகை செல், பழைய டர்பைன் கட்டடத்துக்குள்ள எல்லா ரேக்கும் ஒண்ணா இருந்துச்சு. இப்ப பாஸ்பேட் செல், திறந்தவெளியில தனித்தனி கன்டெய்னர், நடுவுல இடைவெளி. ஒண்ணு எரிஞ்சாலும் அடுத்ததுக்குத் தாவாம இருக்கறதுதான் நோக்கம்.

பாஸ்பேட் செல் மெதுவா சூடேறும், ஆனா கெட்டுப்போனா ஹைட்ரஜன் கலந்த வாயு வெளிய விடும். 2019-ல அரிசோனாவுல (அதுவும் நிக்கல் வகை செல்தான், ஆனா வாயு ஆபத்து இதுக்கும் உண்டு) தீயணைப்பு வீரர்கள் கன்டெய்னர் கதவைத் திறந்த பிறகு வெடிச்சுப் பலர் படுகாயம் ஆனாங்க. அதனால வாயு சென்சரும் காத்து வெளியேத்தற ஃபேனும் கட்டாயம் கேளுங்க. ஸ்பின்னிங் மில்லுன்னா இன்னொண்ணு: பஞ்சு. பறக்கற பஞ்சு சில்லர் வலையை ஒரே வாரத்துல அடைச்சுரும். ப்ளோ ரூம் (பஞ்சைப் பிரிச்சு சுத்தம் பண்ற இடம்), பஞ்சு குடோன் ரெண்டுக்கும் தள்ளி, காத்து எதிர்ப்பக்கமா இருந்து வர்ற இடமாப் பாத்து வைங்க.

பல்லடம்_மின்பிரிவு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கம்பெனிக்காரங்ககிட்ட ஐயா சொன்ன மாதிரி எழுத்துல கேட்டேன். அவங்க மூணு வருஷக் கணக்குல, பேட்டரி குடுக்கற யூனிட் அத்தனையையும் டீசல் ஜெனரேட்டர் யூனிட்டோட ஒப்பிட்டிருக்காங்க. எங்களுக்கு ஜெனரேட்டர் ஓடறதே அபூர்வம்.

ஆனா இதுல ஒண்ணு எனக்குத் தோணுச்சு. எங்களுக்கு உண்மையான நட்டம் பீக் கட்டணத்துல இல்லீங்க, வோல்டேஜ் டிப்புல. கண் சிமிட்டற நேரம் வோல்டேஜ் இறங்கினாப் போதும், ரிங் ஃபிரேம் (நூல் நூற்கற மிஷின்) டிரைவ் டிரிப் ஆயிரும். ஸ்பிண்டில் ஸ்பிண்டிலா இழை அறுந்து தொங்கும். பிள்ளைக எல்லாரும் ஃபிரேம் ஃபிரேமாப் போய் ஒவ்வொண்ணாப் பிணைச்சு திரும்ப ஓட்டறதுக்குள்ள அந்த ஷிஃப்ட் புரொடக்‌ஷன் போயிரும், கழிவும் ஏறும். மழைக்காலத்துல இது அடிக்கடி. மன்னார் அண்ணன் சொன்ன "முதல் விநாடி" எங்களுக்கும் பொருந்துமான்னு பாக்கோணும். அதுக்கு 1 மெகாவாட்-மணி எதுக்கு, சின்னதே போதுமில்லீங்களா?

டெண்டர்_கணக்கு:

போதும். அந்த வேலைக்கு யூனிட் கொள்ளளவு முக்கியமில்லை, வேகமும் மெகாவாட்டும்தான் முக்கியம். ஆனா சாதாரண பேட்டரி இன்வெர்ட்டர் டிப்பைப் பிடிக்காது. சில மில்லி விநாடில லைனைப் பிரிச்சு மாத்தற ஸ்டாட்டிக் சுவிட்ச் வேணும், அது கொட்டேஷன்ல இருக்கான்னு பாருங்க. மொத்த மில்லுக்கும் வேண்டாம், ரிங் ஃபிரேம் ஃபீடர் (அதுக்குப் போற கரண்ட் லைன்) மட்டும் தனியாப் பிரிச்சுக் கேளுங்க. அதோட மீட்டர்ல பதிவான டிப் விவரத்தை ஒரு வருஷத்துக்கு எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் எத்தனை கிலோ நூல் போச்சுன்னு பக்கத்துல எழுதி முதலாளிகிட்ட குடுங்க. அந்தத் தொகை வருஷத் தவணையைத் தாண்டினா வாங்கலாம்.

வாரன்டில வருஷத்தை மட்டும் பாக்காதீங்க, மொத்தம் எத்தனை மெகாவாட்-மணி வெளிய எடுக்கலாம்னு இன்னொரு வரி இருக்கும். எது முதல்ல முடியுதோ அதோட வாரன்டி முடிஞ்சுரும்.

காத்தாடி_ஆரல்:

தம்பி, அந்த டிப் கணக்கு வந்ததும் இங்க போடும். எங்க பக்கத்து மில்லுகாரங்களும் இதத்தான் கேட்டுக்கிட்டு இருக்காங்க.